குப்பாயிக்கு நான் போடாத கையெழுத்து

இந்த வாரம் எழுதப்போவதைப் பல வருஷங்களாக எழுத நினைத்து, ஒவ்வொரு தடவையும் பேனாவை மூடி வைத்தவன் நான். இந்தத் தொடர் ஆரம்பித்தபோதே ஆசிரியர், "வெளிநாட்டில் வாத்தியாராக இருந்தீர்களாமே, அதை முதலில் எழுதுங்கள்" என்றார். தறி, தெரு, கிருத்திகை, தண்ணீர்ப் பஞ்சம் என்று வேறு வேறு சொல்லி நாள் கடத்தினேன்.

வாசகர்கள் சிலர் என்னை நல்லவன் என்று நம்பிக் கடிதம் போடுகிறார்கள். ஒரு அம்மாள் விபூதிப் பொட்டலம்கூட அனுப்பியிருந்தார். அதைப் பிரித்து நெற்றியில் வைக்கக் கை வரவில்லை. அன்றைக்கே படவேட்டம்மா படத்துக்கு முன்னால், "எழுதிவிடுகிறேன் தாயே" என்று சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்ன பிறகு பின்வாங்கக் கூடாது.

நூல் சுற்றும் கொட்டகையில்

எண்பதுகளின் தொடக்கம். மழை விட்ட ஒரு காலை. ஆரணியில் பட்டு முதலாளி ஒருவர் வீட்டுப் பின்கட்டுக்கு நூல் வாங்கப் போயிருந்தேன். அண்டாவில் பட்டு வெந்துகொண்டிருந்தது. சோப்பும் புழுவும் கலந்த அந்த வாடை எங்களுக்குப் பழகிப்போனது. புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

பக்கத்துக் கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சார்."

ஆரணியில் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அண்ணே, மாமா, ரொம்ப மரியாதை வந்தால் ஐயா. நான் திரும்பவில்லை.

"சார், உங்களத்தான். என்னத் தெர்லயா?"

இருபது வயதிருக்கும் ஒரு பெண் எழுந்து நின்றாள். நூல் அறுந்துவிடாமல் இடது கை மட்டும் இழையைப் பிடித்தபடி இருந்தது.

"இன்னாடி மலேசியாக்காரி, தறி நெய்யறவரப் போயி சாருன்றே?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அவுரு எங்க ஸ்கூல் வாத்தியாருடி."

"எங்க, தறிக்குழியில எறங்கி நின்னுகினு பாடம் எடுத்தாரா?"

கொட்டகையே சிரித்தது. முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளைகூடச் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. குரலைக் கேட்டதுமே ஆளைத் தெரிந்துவிட்டது.

குப்பாயி.

அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: "அக்காவுக்கு ஒடம்பு நல்லா ஆயிட்ச்சா சார்?"

அக்கா என்று அவள் சொன்னது என் மனைவி காமாட்சியை. "நல்லா இருக்கா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் நூல்கண்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். ஏன் என்று சொல்வதற்கு எட்டொன்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

கூலி வாங்காத ஒரு வருஷம்

என் மகனுக்கு நாலு வயதில் விஷக்காய்ச்சல் வந்தது. இருபத்தொரு நாள் கண் திறக்கவில்லை. டாக்டர் கைவிரித்த அன்று ஈரத்துணியோடு படவேட்டு அம்மன் கோயிலுக்கு நடந்தேன். காசு பணம் காணிக்கையாகச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? நான் பத்தாவது தவறியவன். ஆனாலும் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். தெருப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித்தருவேன். அதனால் அதையே சொன்னேன்: "பிள்ளையைக் கொடு தாயே. கூலி வாங்காமல் ஒரு வருஷம், எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறேன்."

பிள்ளை பிழைத்தான்.

அந்தச் சமயத்தில்தான் மலேசியாவிலிருந்து அக்கா கடிதம் போட்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கோயில் பூசாரி. 'இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியார். அவருக்கும் ஆஸ்துமா. பிள்ளைகள் மாடு மாதிரித் திரிகின்றன' என்று எழுதியிருந்தாள். வழி காட்டியது அம்மன்தான் என்று நினைத்தேன். தம்பி தறியைப் பார்த்துக்கொண்டான். அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி வாங்கிய அனுமதியில், அக்கா அனுப்பிய பணத்தில் கப்பல் ஏறினேன்.

காமாட்சி அழவில்லை. "சாமிக்குச் சொன்னது. போயிட்டு வாங்க. ஆனா அங்கயே குந்திக்காதீங்க" என்றாள்.

தகரக் கூரைப் பள்ளி

பள்ளி என்றால் ஒரே கூடம். தகரக் கூரை. மழை பெய்தால் நான் கத்துவது எனக்கே கேட்காது. நாற்பது பிள்ளைகள். விடியும் முன்பே தாய்தகப்பன் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர்ப் பால் எடுக்க, போய்விடுவார்கள். பிள்ளைகள் தாங்களாக எழுந்து, பழையதைத் தின்று, தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிடும். எல்லார் உடம்பிலும் புளித்த ரப்பர்ப் பாலின் வாடை. முதல் வாரம் எனக்குக் குமட்டியது. பிறகு அந்த வாடை வராத நாள் பள்ளி விடுமுறை போலத் தோன்றியது.

குப்பாயிக்கு அப்போது பதினொன்று நடந்துகொண்டிருந்தது. ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள். வாய் மட்டும் ஜாஸ்தி.

"சார், உங்க ஊர்ல பட்டு நெய்வீங்களாமே?"

"ஆமாம்மா."

"அப்போ ஏன் சார் உங்க சட்டை கிழிஞ்சிருக்கு?"

அடிக்கக் கை ஓங்கி, சிரித்துவிட்டு இறக்கினேன்.

அவள் அப்பா கோவிந்தனுக்குப் பூர்வீகம் பெரணமல்லூர்ப் பக்கம். அம்மா அஞ்சலை. "நம்மூரு வாத்தியாரு, நம்மூரு வாத்தியாரு" என்று அஞ்சலை வாரம் ஒரு நாள் எனக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவாள். நான் மாமிசம் தொடமாட்டேன் என்று தெரிந்த அன்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு கத்தரிக்காயாகக் கொண்டுவந்தாள்.

மண்ணாங்கட்டி என்ற நான்

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்கு வீட்டில் வைத்த பெயர் மண்ணாங்கட்டி. அக்காவுக்குப் பிறகு, எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தவறிவிட்டன. கேவலமான பெயராக வைத்தால் எமன் இது வேண்டாம் என்று விட்டுவிடுவான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார், "இதெல்லாம் ஒரு பேரா?" என்று சொல்லிச் சுந்தரேசன் என்று எழுதினார். பிறந்த தேதியையும் அவரே விரல்விட்டு எண்ணிப் போட்டார். யாரும் எந்தக் காகிதமும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வாத்தியார் வைத்ததுதான் பெயர்.

அந்த வாத்தியாரைத் தெய்வமாக நினைத்திருந்தேன். நானும் வாத்தியாரானதும் அவர் செய்ததையே செய்தேன்.

புதுப் பதிவேடு

ஐப்பசி அடைமழையில் பள்ளி அலமாரிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பிள்ளைகளின் பெயர்ப் பதிவேடு ஊறிப்போய், ஏட்டுக்கு ஏடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் எழுத்து தெரிந்தது. அக்கா எழுதியிருந்த அந்த ஆஸ்துமாக்காரர்தான் தலைமை வாத்தியார். இழுப்புக்கு நடுவில் சொன்னார்: "உங்க கையெழுத்து நல்லா இருக்கு. புது நோட்டுல பாத்து எழுதிடுங்க."

நான் குளித்து விபூதி இட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். பிச்சை, கறுப்பன், குப்பாயி என்று வந்தபோது பேனா நின்றது. இந்தக் குழந்தைகள் ஆயுள் முழுக்க இதைச் சுமக்க வேண்டுமா? பிச்சையைத் தட்சிணாமூர்த்தி என்று எழுதினேன். கறுப்பனைக் கிருஷ்ணன் என்று எழுதினேன். குப்பாயிக்குக் கலைவாணி. படிப்பில் கெட்டிக்காரி இல்லையா?

மறுநாள் பெயர் வாசித்தேன். "கலைவாணி."

பதில் இல்லை.

"கலைவாணி!"

"யாரு சார் அது? புதுசா சேந்துகிறாளா? எங்க குந்த வெக்கிறது?" என்றாள் குப்பாயி, நிஜமாகவே பெஞ்சில் இடம் ஒதுக்கிக்கொண்டே.

அஞ்சலைதான் பயந்தாள். "மூணு போயிட்ச்சு சார். இவ நாலாவது. குப்பைமேட்டுல பொரட்டி எடுத்து வெச்ச பேரு."

"எனக்கும் அப்படித்தாம்மா வெச்சாங்க. மாத்துனாங்க. எனக்கு இன்னா ஆச்சு? இனிமே எமன் வரமாட்டான்."

"நீங்க சொன்னா சரி சார்."

பழைய பதிவேட்டை என்ன செய்வது? எழுதின காகிதம் எங்களுக்குச் சரஸ்வதி. மிதிக்கக் கூடாது, கொளுத்தக் கூடாது, கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போடக் கூடாது. எங்கள் வீட்டில் கந்தலான ஏடு, ஜாதகம் எல்லாவற்றையும் ஆடிப் பதினெட்டு அன்று மஞ்சள் குங்குமம் வைத்துக் கமண்டல நதியில் விடுவார்கள். தோட்டத்து எல்லையிலும் ஒரு ஆறு ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய், தேவாரம் பாடி, பதிவேட்டை விட்டேன். தாம்பாளத்தில் வைத்து ஏந்திவந்தவள் குப்பாயி. ஏடுகள் விரிந்து, சுழன்று, கலங்கல் தண்ணீரில் முழுகின. எங்களுக்குக் கோயில் காரியம் செய்த திருப்தி.

தலைமை வாத்தியார் அதைக் கேட்டு, "அடடா" என்றார். பிறகு புது நோட்டை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார்.

பதிவு ஆபீசில்

அந்த நாட்டில் பன்னிரண்டு வயதானால் அடையாளக் கார்டு எடுக்க வேண்டும். குடிமக்களுக்கு நீலக் கார்டு. கோவிந்தனும் அஞ்சலையும் குடியுரிமை இல்லாத சிவப்புக் கார்டுக்காரர்கள்; வேலைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அந்த வருஷம் கோவிந்தனுக்குச் சீட்டைப் புதுப்பிக்கவில்லை. இந்தியாவுக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை.

குப்பாயி அங்கேயே பிறந்தவள். நீலக் கார்டு கிடைத்துவிட்டால் பட்டணத்தில் இருக்கும் சின்னம்மா வீட்டில் தங்கிப் பெரிய பள்ளிக்குப் போகலாம். சின்னம்மாவும் சம்மதித்துவிட்டாள். கார்டு ஒன்றுதான் பாக்கி.

மற்ற பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரம் வீட்டில் இருந்தது. என் கிறுக்கு அவர்களை ஒன்றும் செய்யவில்லை. இவள் பிறந்ததைக் கோவிந்தன் பதியவே இல்லை. மூன்று போனபின் பிறந்தது. இது தங்குமோ தங்காதோ என்று விட்டுவிட்டான். தோட்டத்து ஆஸ்பத்திரி நோட்டில் ஒரு வரி, பள்ளிப் பதிவேட்டில் ஒரு வரி. அவளுக்கு இருந்த சாட்சி அவ்வளவே.

நானும் கூடப் போனேன். ஆபீசில் ஒரு தமிழ்க் குமாஸ்தா இருந்தார். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில குப்பாயின்னு ஒரு பிள்ள. ஸ்கூல்ல கலைவாணின்னு ஒரு பிள்ள. ரெண்டும் ஒண்ணுன்னு யாரு சொல்றது?"

"பேர மாத்தி எழுதினது நான்தான் சார்" என்றேன்.

"பழைய ரிஜிஸ்டர் இருக்குமே?"

"ஆத்துல விட்டுட்டேன்."

"ஆத்துலயா? எதுக்கு?"

சொன்னேன். மேஜைக்கு அந்தப் பக்கம் மலாய்க்கார அதிகாரி, என்ன என்று கேட்டார். குமாஸ்தா இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். அதை எப்படி அவர் பாஷையில் சொல்வது? கடைசியில் ஏதோ ஒரு சின்ன வார்த்தை சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

பிறகு குமாஸ்தா என்னிடம் சொன்னார்: "பயப்படாதீங்க. எழுதினவர் நீங்கதானே? கோர்ட்டுல சத்தியம் பண்ணி ஒரு கையெழுத்து போடுங்க. இன்ன பிள்ளைதான், நான்தான் மாத்தினேன்னு. போதும்."

அஞ்சலை ஆபீசுக்கு வெளியிலேயே விழுந்து என் காலைத் தொட்டாள். "சார் கையெழுத்துதான் முத்து மாதிரி இருக்குமே" என்றாள்.

சட்டைப் பையில் இருந்த கடிதம்

அன்று சாயங்காலம் தலைமை வாத்தியார் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"நீங்க வந்தது சொந்தக்காரங்களப் பாக்கற பாஸ்ல. பாடம் நடத்தக் கூடாது. கையெழுத்து போட்டா, நடத்தினேன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி. உங்களப் புடிப்பாங்க. வெச்சிருந்ததுக்கு என்னையும் கேப்பாங்க. ரெண்டு வருஷத்துல எனக்குப் பென்ஷன்." இழுப்பு நின்றதும், "போட வேணாம்னு நான் சொல்லல. யோசிச்சிக்குங்க" என்றார்.

நான் இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தது என்ன? பிற நாட்டு ஜெயில். ஆரணியில் தெரு முழுக்கப் பேசுவார்கள். பிள்ளை, தறி. அம்மனிடம் கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்று பயந்து, அந்த இரண்டு நாளும் நான் சாமி கும்பிடவே இல்லை.

மூன்றாம் நாள் காமாட்சியின் கடிதம் வந்தது. எல்லோரும் சௌக்கியம், பையன் தெருவெல்லாம் ஓடுகிறான், தம்பி தறியிலிருந்து இரண்டு சேலை இறக்கிவிட்டான் என்று எழுதியிருந்தாள்.

அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோவிந்தன் வீட்டுக்குப் போய், "ஊர்லருந்து கடிதாசி வந்துகிது. என் சம்சாரம் சீரியஸா கிடக்கிறாளாம். நான் உடனே போவணும்" என்றேன்.

உண்மை தெரிந்த அக்கா ஒரு மாதம் முன்பே வீட்டுக்காரரோடு வேறு தோட்டத்துக் கோயிலுக்குப் போய்விட்டிருந்தாள். அஞ்சலை பதறிவிட்டாள். "ஐயோ! ஜல்தி கெளம்புங்க சார். மொதல்ல அந்த அம்மாவப் பாருங்க. கையெழுத்து எங்க ஓடிடப்போவுது? ஊர்லருந்து போட்டுத் தபால்ல அனுப்புங்க."

குப்பாயி பஸ் நிற்கும் இடம் வரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்று ஒரு வாய்த்துடுக்கும் இல்லை. "அக்கா நல்லா ஆயிடுவாங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தேன். எல்லோரும் நலமாக இருந்தார்கள். அந்த நலத்தைப் பார்க்கக் கூசியது.

ஊரிலிருந்து அனுப்பியிருக்கலாம். ஆரணியில் கோர்ட் இருக்கிறது. என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்றேன். பிறகு அந்தப் பக்கமாகப் போவதையே விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில்

நூல் சுற்றும் கொட்டகையில் பார்த்த அன்று, என்ன செய்வது என்று தெரியாமல் அவளைச் சாப்பிட வீட்டுக்கு அழைத்துவந்தேன். வழி நெடுக அவளே பேசிக்கொண்டு வந்தாள்.

கார்டு கிடைக்கவில்லை. சின்னம்மா, காகிதம் இல்லாத பிள்ளையை வைத்துக்கொள்ளப் பயந்துவிட்டாள். அப்பா அம்மாவோடு பெரணமல்லூருக்கு வந்துவிட்டாள். கப்பல் காகிதத்தில் குப்பாயி, பள்ளிச் சான்றிதழில் கலைவாணி. இங்கேயும் பள்ளியில் சேர்க்க யோசித்தார்கள். கடைசியில் நாலாம் வகுப்பில் உட்காரச் சொன்னார்களாம். "எருமை மாதிரி நான் ஒருத்தி, சுத்தி எல்லாம் பொடிசு. ஒரு மாசம் போனேன், போதும்டா சாமின்னு வந்துட்டேன்" என்று சிரித்தாள்.

"அம்மா?"

"போன வருசம் போயிட்ச்சு சார். கடைசி வரிக்கும் உங்களக் கேட்டுகினே இருந்துச்சு. அந்த அம்மா பொழச்சிகிச்சோ இல்லியோன்னு."

கூடத்தில் இலை போட்டுக் காமாட்சி பரிமாறிக்கொண்டிருந்தாள். குப்பாயி அவளையே பார்த்தாள்.

"அக்கா, நீங்க எப்படி இருப்பீங்கன்னு நெனச்சிகினே இருப்பேன். நீங்க சீரியஸா கெடந்தப்போ எங்கம்மா தோட்டத்து மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்துச்சு. பதினஞ்சு நாள் ஒரு வேளைதான் சாப்ட்ச்சு. சார் கடுதாசி வரும், கையெழுத்து வரும்னு தபால்காரன் வர்ற நேரம் வாசல்லயே நிக்கும். வர்லன்னதும், அய்யோ, அந்த அம்மா போயிட்ச்சுபோல, சாரு எந்த நெலமயில கிறாரோன்னு அழுவும்."

காமாட்சியின் கையில் குழம்புக் கரண்டி. அது இலைக்கு மேலே நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு விநாடிதான். பிறகு குழம்பை ஊற்றினாள்.

"ஆமாம்மா. அப்போ எனக்கு ரொம்ப முடியாமத்தான் கிடந்தது. உங்கம்மா வேண்டிக்கினதாலதான் இன்னிக்கி உன் எதிர நிக்கிறேன்."

குப்பாயியின் முகம் மலர்ந்துபோனது. அவ்வளவு பெரிய சந்தோஷத்தை நான் அந்த முகத்தில் பள்ளியில்கூடப் பார்த்ததில்லை. "அம்மா மட்டும் இத காதால கேட்டிருந்தா" என்று சொல்லிவிட்டு, குனிந்து சாப்பிட்டாள்.

அவள் போன பிறகு காமாட்சி இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு மூஞ்சிக்காகச் சொன்னேன். உங்களுக்காக இல்ல" என்றாள். "நீங்களே போயிச் சொல்லிடுங்க. ஒரு பொய்ய நம்பி எனக்காக ஒருத்தி பட்டினி கெடந்திருக்கா. அது எனக்கு வாணாம்."

அடுத்த வெள்ளிக்கிழமை கொட்டகைக்குப் போனேன். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று கோவிந்தன் வந்து குப்பாயியை அழைத்துப்போய்விட்டானாம். பெரணமல்லூருக்கே பஸ் ஏறினேன். குப்பாயி உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தாள். கோவிந்தன் துண்டை உதறிப் போட்டு உட்காரவைத்தான். சோடா வாங்கிவரச் செய்தான். அக்கம்பக்கத்தாரிடம் எல்லாம், "எம்பொண்ணுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்த சாரு" என்று காட்டினான். சோடாவைக் குடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

காமாட்சி கேட்டாள், "சொன்னீங்களா?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தறிக்குப் போனேன். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்டதே இல்லை. எனக்குப் பரிமாறும்போது என் முகத்தைப் பார்ப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அவள் கண்மூடி இப்போது மூன்று வருஷம் ஆகிறது.

குப்பாயியைத் தேசூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். பிறகு பிழைப்புக்குப் பெங்களூர் போய்விட்டார்கள் என்று கேள்வி. கோவிந்தனும் இல்லை. எனக்குக் கிடைத்த விலாசம் எதிலும் அவள் இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அவளைத் தெரிந்திருக்கலாம். இந்தப் பக்கத்தைக் கிழித்து அவள் கையில் கொடுங்கள். எழுத்துக்கூட்டாமல் படிப்பாள். வாயால் சொல்வதாக இருந்தால், நான் எழுதியபடியே சொல்லுங்கள். பாவம், பயந்துவிட்டார் என்று எனக்காக ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள். சாமிக்குப் பயந்தவர் என்றும் சொல்லாதீர்கள். நான் பயந்தது சாமிக்கு இல்லை. அவள் மனம் நோகுமே என்று நடுவில் எதையும் விட்டுவிடவும் வேண்டாம்.

காமாட்சிக்கு அன்று உடம்புக்கு ஒன்றுமே இல்லை. அதை முதலில் சொல்லுங்கள்.